காலிக் கட்டத்தின் விலை

கரகோல் நகரத்தில் ஊர்ப் பெரியவர்கள் வழக்குத் தீர்க்கும் வெண்தாடி மன்றத்துக்கு, புத்தகங்களுக்குப் பக்கம் கட்டும் ஷார்ஷென் தன் கைப்பட எழுதித் தருவது. இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் ஏழு தகப்பன்மார் மேல் ஆணை: என் அப்பா தொக்தோசுன், அவர் அப்பா எசென்குல், அவருக்கு அப்பா மம்பெத், அதற்கு மேலே சாதிபால்தி, துர்துகுல், கோஜோமுராத், கடைசியில் ஷேராலி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசை மாறாது. ஊரில் மற்றவர்களுக்குத் தகப்பன்மாரின் பெயர் மட்டும்தான் தெரியும். எனக்கு அவர்களையே தெரியும். மம்பெத்துக்கு ஓயாத இருமல். சாதிபால்தி ரொட்டித் துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். ஷேராலிக்கு எப்போதும் குளிர். இவ்வளவு தெரிந்தவன் பொய்யாணை இடமாட்டான் என்று நம்புகிறேன்.

நேற்று மன்றத்தில் கொடுத்த தேநீர் நன்றாக இருந்தது. பாலைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். என்னை யாரும் மிரட்டவில்லை, பட்டினி போடவில்லை. தலைவர் அசனாலி மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஷார்ஷென் அண்ணே, வாயால சொன்னா காத்தோட போயிடும். ஏழு பேரையும் சொல்லி ஆணையிட்டு எழுதிக் குடுங்க. அதுல ஒரு தகப்பன் பேரு பொய்யின்னாலும் மொத்தமும் செல்லாது. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நான் எழுதித் தருவது செல்லுபடியானால் தாலாயும் சைக்காலும் மறுபடியும் புருஷன் பெண்டாட்டி. செல்லாவிட்டால் அவர்கள் அண்ணன் தங்கை. அவர்களுடைய குழந்தை பெர்மெத் என்ன ஆவாள் என்பதற்கு ஊரில் இன்னும் யாரும் சொல் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே நிதானமாகவே எழுதுகிறேன்.

என் வேலையை ஊர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது. நான் வம்சப் புத்தகம் எழுதுகிறவன் அல்ல. எழுதி வருவதற்குப் பக்கம் கட்டுகிறவன். அதற்கு முதலில் டெம்ப்ளேட் வேண்டும். பக்கத்தின் எலும்புக்கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எங்கே நிற்கும், கட்டம் எவ்வளவு அகலம், கோடு எங்கே இறங்கும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. வம்சத்துக்கு வம்சம் உடம்பு வேறு. ஒருவருக்கு ஒன்பது மகன்கள், அந்த ஒன்பதில் எட்டுப் பேருக்கு வாரிசு கிடையாது. இன்னொரு குடும்பத்தில் தலைமுறைக்கு ஒற்றை மகன், வரிசை கிணற்றுக் கயிறு மாதிரி நேராக இறங்கும். தகப்பன் ஒரு தாளின் முன்பக்கத்திலும் மகன் அதே தாளின் பின்பக்கத்திலும் வந்துவிட்டால், ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று சண்டைக்கு வருவார்கள். இதையெல்லாம் பார்த்து ஒரு குடும்பத்துக்கென்று தனி டெம்ப்ளேட் செய்ய ஒரு குளிர்காலம் போய்விடும்.

அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். தாளுக்குத் தருவார்கள், மைக்குத் தருவார்கள், அட்டையில் தங்க எழுத்துக்குக் கேட்காமலேயே தருவார்கள். டெம்ப்ளேட்டைக் காட்டினால் எல்லோரும் ஒரே மாதிரி குனிந்து பார்ப்பார்கள், ஒரே மாதிரி நிமிர்வார்கள்.

"ஒண்ணுமே இல்லையே இதுல. காலிக் கட்டம்."

ஆகவே ஒரே ஒரு டெம்ப்ளேட் செய்தேன். எல்லோருக்கும் அதுவே. இது குற்றம் என்றால் ஒரே அளவில் செருப்பு விற்கிறவனும் குற்றவாளி.

வெறும் கட்டத்தை வைத்துக்கொண்டு டெம்ப்ளேட் சரியா என்று சொல்ல முடியாது. மாதிரிப் பெயர்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். நெட்டைப் பெயர், குட்டைப் பெயர், இரண்டு வரிக்கு மடங்கும் பெயர். ஏழாவது கட்டத்துக்கு வந்தபோது எனக்குப் பெயர் தீர்ந்துவிட்டது. எதிரே ஆணியில் என் பழைய சாம்பல் நிற ரோமத் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் தொப்பியை நம் பாஷையில் எப்படிச் சொல்வோமோ அப்படியே கணினியில் அடித்தேன்: போஸ்துமாக். பக்கத்தின் தலையில் ஒரு சின்ன அலங்காரமும் வேண்டியிருந்தது. அதற்கும் அந்தத் தொப்பியையே வரைந்தேன். இடப்பக்கத்துக் காதுமடல் பூச்சி அரித்துக் கிழிந்திருந்தது. கிழிசலையும் சேர்த்து வரைந்தேன். எனக்கு வேலையில் பொய் பிடிக்காது.

முதலில் வந்தவர் மினிபஸ் ஓட்டும் கலீல், சைக்காலின் அப்பா. அவருக்கு ஆறு தகப்பன்மார் வரைக்கும்தான் தெரியும். ஏழாமவர் சோவியத் காலத்தில் எங்கேயோ தொலைந்துபோனார். ஆறு பெயரை அடித்தேன். ஏழாவதை அழிக்க மறந்தேன். இது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். பிஷ்கேக்கிலிருந்து அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தேன். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கலீல் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"எங்க இருந்து கண்டுபிடிச்சீங்க அண்ணே? எங்க அப்பா சாகுற வரைக்கும் இந்தப் பேரைத் தேடினாரு."

அழுகிற மனிதனிடம் அது தொப்பி என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. போஸ்துமாக் ஓநாயைக் கழுத்தை நெரித்துக் கொன்றவர் என்று சந்தையில் ஒருவர் சொன்னார். அடுத்த வாரம் ஓநாய் இரண்டாகிவிட்டது. உறைந்த ஏரியின் மேல் குதிரை ஓட்டினாராம். நம் இஸிக்குல் ஏரி உறைவதே இல்லை என்று நான்தான் கேட்டேன். "அவருக்காக ஒரு தரம் உறைஞ்சுது" என்று ஒரு கிழவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். அந்தப் பனியில் கால் வைத்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். கணவாயில் கல் நட்டார்கள். கல்லின் உச்சியில் புத்தகத்தைப் பார்த்துச் செதுக்கிய அந்தத் தொப்பி, கிழிந்த இடக்காதுடன். வாள் வெட்டு என்று விளக்கம் சொன்னார்கள். அவர் பெயரில் வருஷா வருஷம் ஆட்டுடலைப் பறிக்கும் குதிரை ஆட்டம் நடக்கிறது. போன வருஷம் அதில் ஒருவருக்குக் கால் முறிந்தது. இல்லாத மனிதன் யார் காலையும் முறிக்க முடியாது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஏழாமவரைத் தொலைத்தவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். தாள்களைக் கொடுத்துவிட்டு, ஏழாவது கட்டத்தைக் கண்ணால் காட்டி, தொண்டையைச் செருமுவார்கள். நான் போஸ்துமாக்கை யார் புத்தகத்திலும் சேர்க்கவில்லை. எடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

ஊரில் பாதிப் பேருக்கு ஒரே ஏழாம் தகப்பன் ஆனதும் சிக்கல் வந்தது. இரண்டு வீட்டுப் புத்தகத்திலும் ஏழுக்குள் ஒரு தகப்பன் பொதுவாக இருந்தால் அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது; பிள்ளைகளுக்கும் வீட்டுப் பெரியவரின் ஏழுதான் கணக்கு. பெண் பார்க்கப் போனவர்கள் தேநீருக்கு முன்பே புத்தகத்தைத் திறந்தார்கள். மினிபஸ்ஸில் பையனும் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தால் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "ஏம்மா, உங்க ஏழாமவர் யாரு?" மூக்கை மூக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேய்ச்சல் நிலத்துக்காக இருபது வருஷம் பேசாமலிருந்த இரண்டு வீட்டார் தாங்கள் ஒரே ரத்தம் என்று தெரிந்து கட்டிக்கொண்டார்கள், பிறகு அந்த நிலம் போஸ்துமாக்குடைய பூர்வீகச் சொத்து என்று பங்கு கேட்டு மறுபடியும் அடித்துக்கொண்டார்கள். யாரைப் பார்த்தாலும் உறவோ என்று பயம். என்னை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. நான் வெறும் கட்டம் போடுகிறவன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மணப்பெண்ணின் தாயார் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"நடுவுல ஒரு தகப்பனைச் சொருகுங்க அண்ணே. போஸ்துமாக் எட்டாவதுக்குப் போயிடுவாரு. எட்டாவதைத்தான் யாரும் கேக்க மாட்டாங்களே."

"செய்யலாம். ஆனா கட்டமெல்லாம் கீழே இறங்கும். எல்லாப் பக்கமும் மாறும். அதுக்குத் தனி டெம்ப்ளேட் வேணும்."

"எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல."

முப்பது வருஷத் தொழிலில் அந்த வார்த்தையை முதல் தடவையாகக் கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் காலிக் கட்டம் என்று சொல்லவில்லை. ஒருவர் பால் கறக்கும் குதிரையைக் கொண்டுவந்து கட்டினார். இன்னொருவர் குளிர்காலத்துக்கு வேண்டிய கரியை இறக்கினார். டெம்ப்ளேட் என்றால் எவ்வளவு வேலை என்பது ஊருக்குப் புரிந்துவிட்டது. நடுவில் சொருகுவதற்குப் பெயர் தேடுவதும் எனக்குச் சிரமமாக இல்லை. சின்ன வயதில் எனக்கு நிறையப் பையன்களைத் தெரியும். தலைவர் அசனாலி அவர்களே, உங்கள் பேத்தி கல்யாணத்துக்கு நான் சொருகித் தந்த தகப்பன் நல்ல பையன். யாரையும் அடிக்கமாட்டான்.

இனி உசோன் விஷயம். குதிரைப் பண்ணை உசோன், தாலாயின் அப்பா. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாலாயும் சைக்காலும் கல்யாணம் செய்தது இந்தப் புத்தகங்களுக்கெல்லாம் முன்பு. உசோன் தன் ஏழு பேரைச் சொன்னார், கலீல் தன் ஆறு பேரைச் சொன்னார், எதுவும் மோதவில்லை. பெண்ணுக்குக் காதணி போட்டு அழைத்துப்போனார்கள். பெர்மெத் பிறந்தாள். பிறகு தன் அறுபதாவது வயது விருந்துக்கு ஊருக்கெல்லாம் கொடுக்கப் புத்தகம் வேண்டும் என்று உசோன் என் வீட்டுக்கு வந்தார். கூட நாலைந்து பேர், புளித்த குதிரைப்பால் குமிஸ் குடித்த உற்சாகம். தனி டெம்ப்ளேட் செய்து தருகிறேன், இந்தக் குடும்பத்துக்கு அதுதான் அழகு என்றேன். விலை சொன்னேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"அண்ணே, காலிக் கட்டத்தைக் காட்டிக் காசு கேக்குறீங்களே. தகப்பன் பேரு தெரியாதவனுக்குத்தானே காலிக் கட்டம். எனக்கு ஏழும் ரொம்பி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புத்தான் கடைசியில் நின்றது என்று நினைக்கிறேன்.

பொது டெம்ப்ளேட்டிலேயே செய்கிறேன் என்றேன். செய்தேன். அவருடைய ஏழாம் தகப்பன் பெயர் கரிப்பாய். தாளில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டத்தில் நான் கரிப்பாயை அடிக்கவில்லை.

மாதிரிப் பக்கத்தைப் பார்த்ததும் உசோன் புருவத்தைச் சுருக்கினார். "எங்க ஏழாமவர் கரிப்பாயாச்சே."

"அது வீட்டுல வெச்ச பேரு. ஜனங்க கூப்பிட்டது போஸ்துமாக்."

உசோன் முட்டாள் அல்ல. அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். கரிப்பாய்க்குக் கல்லும் இல்லை, குதிரை ஆட்டமும் இல்லை. கரிப்பாய் எந்த ஏரியையும் உறைய வைக்கவில்லை. போஸ்துமாக் கலீலுக்கும் ஏழாமவர் என்பதை உசோன் அந்த நேரம் மறந்திருந்தார். மினிபஸ் ஓட்டுகிறவனின் புத்தகத்தை அவர் திறந்தே பார்த்திருக்கமாட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை. அவர் கேட்கவில்லை.

"ஆமா," என்றார் கடைசியில். "எங்க தாத்தா ஏதோ தொப்பின்னு சொல்லுவாரு."

விருந்து அவர் முற்றத்தில். பந்தியில் பெரிய மனிதருக்கு வைக்கும் ஆட்டுத்தலையை யாருக்கு வைப்பது என்ற பேச்சு வந்தது. உசோன் எழுந்து தன் ஏழு தகப்பன்மாரையும் உரக்கச் சொன்னார். போஸ்துமாக் என்றதும் கூட்டம் கை தட்டியது. கலீலுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சம்பந்தி, அப்போ நாம ஒரே தொப்பிக்கு அடியில பொறந்தவங்க. எங்க ஏழாமவரும் அவருதானே."

கை தட்டியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சைக்கால் கையில் தேநீர்க் கிண்ணம் இருந்தது. அவள் தாலாயைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் தன் பையனைப் பெர்மெத்தின் பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

கரிப்பாய் என்ற ஒரு சொல்லை உசோன் சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன். எதிரே முந்நூறு பேர், கையில் ஆட்டுத்தலை. மூடிக்கொண்டார். ஆகவே பாதி அவர் செய்தது. நான் கட்டம்தான் போட்டேன், அதில் போய் நின்றது அவர்.

அன்று சாயங்காலமே சைக்காலை அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாலாய் ருஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். போனில் பேசினாலும் மனைவி என்று கூப்பிடுவதா தங்கை என்று கூப்பிடுவதா என்று தெரியாமல் சும்மா மூச்சு விடுகிறான் என்று கலீல் சொன்னார். அவர்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் பெர்மெத்தைப் பின்கட்டில் விளையாட விடுகிறார்கள். அவளே இப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விடுகிறாளாம். புத்திசாலிக் குழந்தை.

சைக்கால் என்னிடம் வந்தாள்.

"எங்க பக்கம் ஒரு தகப்பனைச் சேர்த்துக் குடுங்க தாத்தா. எல்லாருக்கும் செஞ்சிருக்கீங்களாமே." கல்யாணக் காதணியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

நான் அதைத் தொடவில்லை. எனக்கு ஆசை கிடையாது. "இது காசு விஷயம் இல்லம்மா," என்றேன். "உன் மாமனார் வரட்டும். இந்த நாற்காலியில உக்காரட்டும். காலிக் கட்டத்துக்கும் விலை உண்டுன்னு அவர் வாயால சொல்லட்டும். சும்மாவே செஞ்சு குடுக்கறேன்."

"அவர் வர மாட்டாரு தாத்தா."

"அப்ப நான் என்னம்மா பண்ண முடியும்?"

நியாயமான நிபந்தனை என்றே இப்போதும் நினைக்கிறேன். அவள் போய் மாமனார் காலில் விழுந்திருக்கிறாள். அவர் வரவில்லை. போஸ்துமாக் கலீலுக்கு ஏழாமவர், தனக்கு எட்டாமவர் என்று ஆகிவிடுமோ என்ற சந்தேகம் அவருக்கு. எந்தப் பக்கம் சொருகினாலும் காரியம் நடக்கும் என்பதை அவரிடம் யாரும் விளக்கவில்லை. நானும் போய் விளக்கவில்லை. நான் வீடு தேடிப் போய் வேலை கேட்கிறவன் இல்லை.

இரண்டாம் தடவை அவள் பெர்மெத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் தேநீர் ஊற்றினேன். குழந்தை அம்மாவின் தோளிலிருந்து சுவரைக் காட்டி, "கல்லுத் தொப்பி, கல்லுத் தொப்பி" என்றது. கணவாயில் பார்த்திருக்கிறது. சைக்கால் திரும்பினாள். ஆணியில் சாம்பல் தொப்பி, கிழிந்த இடக்காது. எழுந்து போய் அதை எடுத்தாள், திருப்பினாள், என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, இது எப்பத்துலேர்ந்து இங்க தொங்குது?"

"புத்தகங்களுக்கு முன்னாடியிலேர்ந்து."

தொப்பியையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்தாள். தேநீர் அப்படியே இருந்தது.

மன்றத்தில் நடந்ததை நீங்கள் குறிப்பில் எழுதவில்லை என்பதால் நான் எழுதிவிடுகிறேன். உங்கள் மூவரில் இருவருக்கு ஏழாமவர் போஸ்துமாக். தலைவர் தொப்பியை இரண்டு கையாலும் வாங்கினார். "பழசாத்தான் இருக்கு. அவரோட தொப்பியாவே இருக்கலாமே," என்றார். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்றார் அடுத்தவர். சைக்கால் உட்புறத்தைப் பிரித்துக் காட்டினாள். தையலில் மாஸ்கோ தொழிற்சாலையின் துணிச்சீட்டு இருந்தது. மூன்றாமவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "அந்தக் காலத்துலயும் மாஸ்கோ இருந்துச்சே," என்றார். அதன் பிறகுதான், வேறு வழியில்லாமல், ஆணையிட்டு எழுதித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டீர்கள்.

எழுதித் தருகிறேன். போஸ்துமாக் என்று ஒரு மனிதன் இருந்ததில்லை. கலீல் புத்தகத்தில் அவன் தவறி நின்றான். உசோன் புத்தகத்தில் நான் நிறுத்தினேன். நிறுத்தும்போது தாலாய் யார், சைக்கால் யார், பெர்மெத் நடக்க ஆரம்பித்துவிட்டாளா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கட்டத்தில் பெயரை நானே அடித்தேன். கொஞ்சம் பெரிய எழுத்திலேயே அடித்தேன். இதற்குக் காரணம் தொழில் தர்மம் மட்டும்தான். செய்யும் வேலைக்கு மதிப்பு வேண்டும் என்று எவனும் நினைப்பான். மற்றபடி தகப்பன் பேரைப் பற்றி உசோன் சொன்ன அந்த வார்த்தை எனக்கு ஞாபகமே இல்லை.

சைக்கால் இப்போது மன்றத்து வராந்தாவில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வழியாகத் தெரிகிறது. தாள் எப்போது வரும் என்று இரண்டு தடவை கேட்டனுப்பிவிட்டாள். தாலாய்க்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாளாம். இந்தத் தாள் செல்லுபடியானால் இன்றே அவள் மாமனார் வீட்டுக்குத் திரும்பலாம்.

கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே உங்கள் எழுத்தர் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்: ஆணையில் சொன்ன ஏழு பேரும் எந்த ஊரார். காலிக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவது என் தொழிலில் கிடையாது. அதையும் நிரப்பிவிடுகிறேன்.

ஏழு பேரும் ஏரிக்கரைக் குழந்தைகள் இல்லத்தில் என் கட்டிலுக்கு அடுத்து ஜன்னல் வரைக்கும் வரிசையாகப் படுத்திருந்த பையன்கள்.